ரிமோட் கெடுவதற்கு முன்பே...

2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றது முதல், மலாக்காவில் பழைய டிவி உள்ள தோட்ட, தாமான் வீடுகளில் டிவிக்கு ஒன்று, டிஜிட்டல் பெட்டிக்கு ஒன்று என இரண்டு ரிமோட்டுகள். பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், எதை அழுத்துவது என்று முதியவர்கள் தனியே திண்டாடுகிறார்கள். இதற்கு வழி உண்டு.

ரிமோட் பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, பெரும்பாலும் விநாடிக்கு 38,000 முறை துடித்து ஒரு குறியீட்டை அனுப்புகிறது. வைஃபை இணைப்புள்ள அகச்சிவப்புக் கருவியின் எதிரே பழைய ரிமோட்டை நீட்டி அழுத்தினால், கருவி அந்தக் குறியீட்டைப் பதிந்துகொள்ளும். ரிமோட் தொலைந்திருந்தால், அதே மாடலுக்குப் பிறர் பதிந்து வைத்த குறியீட்டுக் கோப்பை ஹோம் அசிஸ்டண்ட் போன்ற மென்பொருளில் சேர்க்கலாம். பிறகு கைப்பேசியில் ஒரே பொத்தான் இரண்டையும் இயக்கும்.

ஆனால் அகச்சிவப்பு ஒருவழிப் பாதை. டிவி பதில் சொல்லாது. பல டிவிகளில் திறக்கவும் அடைக்கவும் ஒரே குறியீடுதான். ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அந்தப் பொத்தான் அடைத்துவிடும். எனவே இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டா என்று பார்த்துச் சேர்ப்பது நல்லது. ரிமோட் வேலை செய்யும்போதே பதிந்து வைப்பது அதைவிட நல்லது.