கதவுக்குப் பின்னால் ஒரு பை

நம் பாட்டிமார் எண்ணெய்க்குத் தூக்கும், அரிசிக்குத் துணிப்பையும் கொண்டு கடைக்குப் போனார்கள். பண்டம் செலவாயிற்று; பை வீட்டிலேயே இருந்தது.

இன்று நாம் எறியும் உறைகள் எங்கே போகின்றன? சென்னைக்குத் தெற்கே, மழைநீரைத் தாங்கி வெள்ளத்தைத் தணிப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதன் மடியிலேதான் பெருங்குடிக் குப்பைமேடு பல்லாண்டுகளாக வளர்ந்தது. 2022-ல் அந்நிலம் ராம்சார் என்னும் சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் குப்பைமேடு தீப்பற்றி, நாட்கணக்கில் புகைந்தது. அப்புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பத்தினர்; குப்பையை அனுப்பியவர்களோ தூரத்தில் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரு தடவை உபயோகித்து எறியும் பல பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. ஆனால் சட்டம் எத்தனை கடைகளைக் காவல் காக்கும்? நேயர்களே! நாளைக் கடைக்குப் புறப்படுமுன், கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப்பையை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.