கிணற்று நீர்: நாக்கை மட்டும் நம்பலாகாது

பெரம்பூருக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டினால் மீஞ்சூர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டு வந்து சேர்த்த மணலுக்கடியில் நல்ல ஊற்று நீர் நிறைந்திருந்த பகுதி இது. சென்னை நகரத்திற்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நீர் எடுத்தார்கள். விவசாயிகளும் பம்பு செட் வைத்து இறைத்தார்கள். மழையால் ஊறியதைவிட இறைத்தது அதிகமாயிற்று. நிலத்தடியில் 1969ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோ மீட்டர் வரை இருந்த உப்பு நீர், 1983ல் 7 கிலோ மீட்டர், 1987ல் 9 கிலோ மீட்டர் என உள்ளே ஏறிவிட்டது.

இதற்குக் காரணம் எளிது. நல்ல நீர் கடல் நீரைவிட லேசானது. அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு நீரைத் தள்ளி வைக்கும். அந்த 1 அடியை இறைத்துவிட்டால் உப்பு நீர் மேலேறும்.

உப்புக் கரித்தால் நாக்குக்குத் தெரியும். ஆனால் சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீர் அவ்வளவாகக் கரிக்காது. அதைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் களராகி இறுகும், நீர் உள்ளே இறங்காது. நைட்ரேட்டுக்கும் சுவை இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. காய்ச்சினாலும் உப்பும் நைட்ரேட்டும் போகாது.

பரிசோதனையில் மின் கடத்தும் திறன் 0.75 மில்லிமோஸுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கும் பாய்ச்சலாம். 2.25 வரை வடிகால் வசதியுள்ள நிலத்திற்கு மட்டும் ஏற்றது. அதற்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் பயிர்தான் கைகொடுக்கும். பருத்தி, கேழ்வரகு ஓரளவு தாங்கும். பீன்ஸ், வெங்காயம் தாங்கா. நெல்லுக்கு நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பு ஆகாது. அப்போது ஏரி நீர் கிடைத்தால் கலந்து பாய்ச்சுவது நல்லது. களர் நிலத்திற்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடிக்க வேண்டும். வெறும் உப்பு நீருக்கு ஜிப்சம் பயன் தராது.

நீர் மாதிரி எடுக்குமுன் பம்பு செட்டைக் கால் மணி நேரம் ஓட விடவும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் இரண்டு மூன்று முறை கழுவி, அரை லிட்டர் பிடிக்கவும். பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். குடிப்பதற்கும் அதே கிணறு என்றால் குடிநீர்ப் பரிசோதனை தனியாகச் செய்ய வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை, கோடையில், இதைச் செய்து சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உப்பு ஆண்டுக்காண்டு ஏறுவது தெரிந்தால், கிணற்றை மேலும் ஆழமாக்காதீர்கள். இறைப்பைக் குறைத்து, பண்ணைக் குட்டை வெட்டி மழை நீரை நிலத்திற்குள் இறக்குங்கள். கடற்கரையோரத்தில் ஆழம் போவது உப்பைத் தேடிப் போவதாகும்.