பழைய ஆஸ்பத்திரிக் கடன்: பாங்கியில் கடன் கிடைக்குமா?

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், டிராக்டர் வாங்கக் கடன் கேட்டுப் பாங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் இருக்கிறது. பட்டா இருக்கிறது. மானேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கிறார்.

"உங்கள் பேரில் பழைய பாக்கி இருக்கிறதே!" என்கிறார்.

விவசாயி திகைக்கிறார். எந்தப் பாங்கியிலும் அவர் கடன் வாங்கியது இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவிக்கு நினைவு வருகிறது. "ஏங்க, அத்தைக்கு ஆபரேஷன் ஆனப்போ ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களே?"

ஆம்! தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது, தனியார் ஆஸ்பத்திரியில் பணம் போதவில்லை. தவணையில் கட்டலாம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். சில தவணை கட்டினார். அந்த வருஷம் சம்பா தண்ணீரில் போயிற்று. மீதி நின்றுவிட்டது. அந்தக் கையெழுத்துதான் இப்போது டிராக்டரைத் தடுக்கிறது.

பில் வேறு, கடன் வேறு

ஆஸ்பத்திரி பில் பாக்கி "சிபில்" கணக்கில் ஏறுமா? நம் நாட்டில் ஏறாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் விவரங்களைக் கொடுப்பவை பாங்கிகள், பைனான்ஸ் கம்பெனிகள், கிரெடிட் கார்டு கம்பெனிகள் போன்றவைதான். ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இல்லை. பாக்கிக்காக அது நோட்டீஸ் விடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான்.

ஆனால் பில்லைக் கட்ட கிரெடிட் கார்டைத் தேய்த்தால்? தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டால்? அப்போது ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுப்பது ஒரு பைனான்ஸ் கம்பெனி. நீங்கள் கடன்பட்டிருப்பது அந்தக் கம்பெனிக்கு. இது பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் பாக்கி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே ஆஸ்பத்திரி பாக்கியே கடன் அறிக்கையில் ஏறக்கூடும். கூச்சல் பெருகவே, கட்டி முடித்த பாக்கிகளை 2022-லும், 500 டாலருக்குக் குறைந்தவற்றை 2023-லும் அங்குள்ள மூன்று பெரிய கம்பெனிகள் நீக்கின. எல்லா ஆஸ்பத்திரி பாக்கியையும் நீக்கும்படி 2025 ஜனவரியில் சர்க்கார் விதி போட்டது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸ் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது.

சிபில் என்பது என்ன?

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பெனி அது. யார் எவ்வளவு கடன் வாங்கினார், தவணை தவறினாரா என்று குறித்து வைக்கிறது. 300 முதல் 900 வரை மார்க் போடுகிறது. இதே வேலையைச் செய்ய இன்னும் மூன்று கம்பெனிகள் உண்டு: எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க்.

கடனுக்கு மட்டுமா இது? ஸ்டேட் பாங்கியில் வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், பழைய கடன் பாக்கிகளைக் காட்டி ரத்தானது. பாங்கி செய்தது சரியே என்று 2025 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு சொல்லிவிட்டது.

முதலில் அறிக்கையைப் பாருங்கள்

நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். ரிசர்வ் பாங்கி உத்தரவு இது. பான் கார்டும் செல்போனும் இருந்தால் போதும். படித்த பிள்ளை யாராவது எடுத்துத் தருவார்கள்.

கடன் உங்களுடையது அல்லவா? அல்லது கட்டி முடித்த பிறகும் பாக்கி என்று காட்டுகிறதா? ரசீதுடன் புகார் கொடுங்கள். காசு கிடையாது. 30 நாட்களில் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. 2024 ஏப்ரல் முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. அப்படியும் நடக்கவில்லையென்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

உண்மையிலேயே பாக்கி என்றால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாக்கி 60,000 ரூபாய். வசூல்காரர் வந்து, "30,000 கொடுங்கள், கணக்கை முடித்துவிடலாம்" என்கிறார். கேட்க இனிக்கிறது. ஆனால் அறிக்கையில் "குளோஸ்டு" என்று வராது. "செட்டில்டு" என்று வரும். குறைத்துக் கட்டியவர் என்று அடுத்த பாங்கி புரிந்துகொள்ளும். முடிந்தவரை அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டுவதே மேல். அபராத வட்டியைத் தள்ளும்படி கேளுங்கள். பல கம்பெனிகள் இறங்கி வரும். எதையும் வாய்வார்த்தையாக விடாதீர்கள். பணத்தைக் கம்பெனியின் கணக்கிலேயே கட்டி, "பாக்கி இல்லை" என்று கடிதம் வாங்குங்கள்.

வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது. மிரட்டவும் கூடாது.

"ஏழு வருஷம் போனால் தானாக அழிந்துவிடும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். விதி சொல்வது, குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று! பணம் கொடுத்தால் மார்க்கை ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஆசாமிகளையும் நம்பவேண்டாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

கூட்டுறவுச் சங்கத்திலும்

பயிர்க்கடன் கேட்பவரின் சிபில் அறிக்கையைப் பார்க்கவேண்டும் என்று 2025-ல் கூட்டுறவுத் துறை உத்தரவு போட்டது. விவசாயிகள் கொதித்தார்கள். மார்க்கைப் பார்த்து மறுக்க அல்ல, வேறு பாங்கியில் கடன் இருக்கிறதா என்று அறியத்தான் என்று சர்க்கார் விளக்கம் சொன்னது.

தவணைத் தாளில் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பல தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. மன்னார்குடியிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரி உண்டு. பெரிய சிகிச்சை என்றால் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.