கப் வாகனத்தை உயர்த்துவதற்கு முன் ஒரு கணக்கு

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் சில விவசாயிகள் சேர்ந்து பழைய டபுள் கப் வாகனம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நெல்லும் உரமும் ஏற்ற வாங்கியது. மாரியில் அதுதான் ஊரின் அம்புலன்ஸ். பிரதான வீதிக்கு வர ஆறு கிலோமீற்றர் களிமண் பாதை. கடந்த மாரியில் பிரசவ வலி கண்ட பெண்ணொருவரை ஏற்றிச் சென்றபோது வாகனம் சேற்றில் இறுகிவிட்டது. உழவு இயந்திரம் வந்து இழுக்க ஒன்றரை மணி நேரமானது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

“நாலு அங்குலம் உயர்த்திவிட்டால் காணும், பிள்ளை” என்றார் அதை ஓட்டும் ஐயா. அதற்காக ஊரில் காசும் சேர்த்திருந்தார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கம் வரை திறக்கப்படவில்லை. அதனால் இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே இங்கு பலருக்கும் வழியாக இருந்தது. அவர்களோடு நானும் கிளிநொச்சியில் உள்ள ஒரு கராஜுக்குப் போனேன்.

மெக்கானிக் முதலில் கேட்டது, “வாகனத்தில் எது நிலத்தில் முட்டியது?” என்றுதான். உழவு இயந்திரங்கள் வெட்டிய இரண்டு தடங்களுக்கு நடுவில் மேடு இருந்தது. பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்சியல் அந்த மேட்டில் குந்திவிட்டது. லிப்ட் கிற் போட்டால் உயர்வது சட்டகமும் உடலும் மட்டுமே. பின் அச்சு ரயரோடு இருப்பதால் அது இருந்த உயரத்திலேயே இருக்கும். நாலு அங்குலம் உயர்த்தியிருந்தாலும் அன்று அதே இடத்தில்தான் இறுகியிருக்கும்.

பின் அச்சை உயர்த்துவது பெரிய ரயர் மட்டுமே. அந்த வாகனத்தில் இருந்தது 265/70 ஆர்16. அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், றிம் 16 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 777 மில்லிமீற்றர். 33 அங்குல ரயரின் விட்டம் சுமார் 838. வித்தியாசம் 61 என்றாலும் அச்சு உயர்வது அதில் பாதிதான், 30 மில்லிமீற்றர்.

அந்த 30 மில்லிமீற்றருக்கும் ஒரு விலை உண்டு. இந்த வாகனத்தின் அச்சு விகிதம் 4.10. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு 4.10 முறை சுற்ற வேண்டும். ரயர் பெருத்தால் அது 3.80 போல ஆகிவிடும். சுமையோடு ஏறும்போது எஞ்சின் திணறும், கிளச் தேயும். வேகமானி 60 காட்டும்போது உண்மையான வேகம் 65க்குக் கிட்ட இருக்கும். பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.42க்கு நெருக்கமான பற்சக்கரம் வேண்டும். அதையும் முன் பின் இரண்டு அச்சுக்கும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் பற்களோ தண்டோ உடையும்.

265/75 ஆர்16 போட்டால் விட்டம் 804. அச்சு 13 மில்லிமீற்றர்தான் உயரும், ஆனால் விகிதம் 3.96ஓடு நிற்கும். சேற்றில் இழுவைக்கு லோ கியர் இருக்கிறது. பெரும்பாலான கப் வாகனங்களில் அது இழுவையை இரண்டரை மடங்கு அளவுக்குக் கூட்டும். எனவே பற்சக்கரத்தில் கைவைக்கத் தேவையில்லை.

அடுத்தது ரயரின் பட்டன். சேற்றுக்கான ரயர் களியில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரத் தார் வீதியில் பிறேக் பிடிக்கக் கூடுதல் தூரம் எடுக்கும். ஆறு கிலோமீற்றர் களியைத் தாண்டினால் வைத்தியசாலை வரை தார் வீதிதான். அதனால் இரண்டுக்கும் பொதுவான ஓல் ரெரெயின் ரயரைத் தெரிந்தார்கள். வடமராட்சி கிழக்கு போன்ற மணற்பாதைகளில் பட்டனைவிடக் காற்றே முக்கியம். சுமை குறைவாக இருக்கும்போது காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து மெதுவாக ஓட்டலாம். தார் வீதிக்கு ஏறுமுன் மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

லிப்ட் கடைசியாகத்தான் வந்தது. 40 மில்லிமீற்றர் மட்டும், அதுவும் ஏற்றும் சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங், சொக் அப்சோபரோடு. 50ஐத் தாண்டினால் முன் சக்கரத் தண்டுகளின் மூட்டுகள் சாய்ந்து விரைவில் தேயும். பிறேக் குழாய் இழுபடும். பாரம் மேலே போவதால் வளைவுகளில் கவிழும் ஆபத்தும் கூடும். உயர்த்திய பிறகு வீல் எலைன்மென்ற் பார்த்து, முன்விளக்கைத் தாழ்த்தினார்கள். மாற்றம் செய்வதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் விசாரித்துக்கொள்வது நல்லது.

மெக்கானிக் இன்னொரு வேலையும் செய்தார். டிபரன்சியலின் காற்றுத் துவாரத்துக்கு ஒரு குழாய் பூட்டி மேலே ஏற்றிவிட்டார். சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது அந்தத் துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சும். அச்சு எண்ணெய் பால் நிறமாகத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

சேர்த்த காசில் மிச்சம் வந்தது. அதில் இழுவைப் பட்டியும் இரண்டு மண்வெட்டியும் வாங்கினார்கள். மீதியை என்ன செய்வது என்று கேட்டேன். “மாரிக்கு முதல் அந்த நடு மேட்டை வெட்டிவிடப் போறம்” என்றார் ஐயா. பாதையைப் போட வேண்டியவர்கள் போடும் வரை அவர்களிடம் இருப்பது அந்த வாகனமும் அந்த மண்வெட்டிகளும்தான்.