காக்கிச் சட்டைக்குப் பேனாவும் வேண்டும்

அதிகாலை ஐந்து மணிக்கு எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும், காவலர் தேர்வுக்காக ஓடுகிறவர்கள் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. தவறினால் அதோடு வெளியே. அதனால் ஓட்டத்தின் மீது இத்தனை அக்கறை இருப்பதில் வியப்பில்லை. ஆனால், காவல் நிலையத்துக்குள் போன பிறகு ஒருவரின் திறமையை எடைபோடுவது அவர் எழுதும் காகிதம்தான்.

எதற்கு எத்தனை மதிப்பெண்?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அண்மைக்காலத் தேர்வு முறையைப் பார்த்தாலே எழுத்தின் எடை புரியும். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. எஸ்.ஐ. பணிக்கு ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும். அங்கே எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் 15, நேர்முகம் 10, சான்றிதழ்கள் 5. இரண்டுக்கும் முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காதவரின் முதன்மை விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

தமிழுக்கு ஏன் இந்த இடம்? நிலையத்துக்கு வரும் மக்கள் பேசுவது தமிழ். அதைக் கேட்டு எழுத வேண்டியவர் காவலர்.

ஒரு புகார், பல கேள்விகள்

"பைக்குல வந்த ரெண்டு பேர் செயினை அறுத்துட்டுப் போயிட்டாங்க சார்" என்று அழுதபடி ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதை மட்டும் எழுதிக்கொண்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவு வரும்: பறிப்பு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. "கழுத்துல காயம் இருக்காம்மா? கீழே தள்ளினாங்களா? கத்தியைக் காட்டினாங்களா?" என்று கேட்டு, செயினைப் பறிப்பதற்காகவே காயப்படுத்தினார்கள், மிரட்டினார்கள் என்று தெரிந்தால் அது 309-வது பிரிவின்படி வழிப்பறிக் கொள்ளை, 10 ஆண்டு வரை சிறை. சூரியன் மறைந்த பிறகு நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் 14 ஆண்டு வரை போகலாம்; காயப்படுத்தியிருந்தால் ஆயுள் சிறையும் கிடைக்கலாம்.

பறிபோனது அதே செயின்தான். கேட்ட கேள்வியால் பிரிவு மாறிவிடுகிறது. கேட்காமல் விட்டதை ஆறு மாதம் கழித்துச் சேர்த்தால், "முதல் தகவல் அறிக்கையில் இது இல்லையே?" என்று குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் மடக்குவார். சொல்லாததை எழுதுவதும் அதே அளவு ஆபத்து. அதனால்தான் எழுதியதைப் புகார்தாரருக்குப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

செல்போனும் சாட்சி சொல்லும்

போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. மிரட்டிப் பேசவைப்பது திறமையாகாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். சான்றுகளைத் திரட்டத் தெரிய வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவின்படி, சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிந்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரரின் சிசிடிவி பதிவை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் அதில் அந்தக் கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். கணினி தெரியாத புலனாய்வு இனி ஒற்றைக்கால் நடைதான்.

எப்படித் தயாராவது?

பாடத்தில் சந்தேகம் வந்தால் கைடுக்கு முன்னால் பள்ளிப் பாடப்புத்தகத்தைப் புரட்டுங்கள். தினமும் நாளிதழில் ஒரு குற்றச் செய்தியை எடுத்து, யார், எப்போது, எங்கே, எப்படி என்று பத்து வரியில் எழுதுங்கள். நண்பர் ஒருவரை ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்டு எழுதி, அவருக்கே படித்துக்காட்டுங்கள். அவர் எத்தனை இடத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்கிறாரோ, அத்தனை இடத்தில் உங்கள் காது தவறியிருக்கிறது. தமிழ்த் தட்டச்சும் பழகிக்கொள்ளுங்கள்.

குற்றவியல் பட்டம் இருந்தால்தான் சேரலாம் என்பதில்லை. ஆர்வமுள்ளவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. எஸ்.ஐ.யாகத் தேர்வானவர்களுக்கு வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் கவாத்தோடு சட்டமும் தடய அறிவியலும் கற்றுத் தருகிறார்கள். பத்தாம் வகுப்போடு காவலரானவரும் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை; எஸ்.ஐ. இடங்களில் 20 சதவீதம் துறையில் இருப்பவர்களுக்கே ஒதுக்கீடு.

நாளைக் காலை ஓடி முடித்து வீட்டுக்கு வந்ததும், மைதானத்தில் பார்த்த ஏதாவது ஒன்றை நேரம், இடம், ஆள் விடாமல் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் கொடுக்கிறவர்கள், இதற்கு அரை மணி நேரமாவது கொடுக்கலாம்.