சாம்பார் சொன்ன அணுப்பாடம்



சாம்பார் பொங்கி வழிந்தால், கேஸ் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். அம்மா அடுப்பைத் தணிக்க ஓடுவார். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? உப்பிலுள்ள சோடியத்திலிருந்துதான்!

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள் உள்ளன. வகுப்புப் பெஞ்சுகளைப் போல முதற் கூட்டில் 2, இரண்டாவதில் 8 என இடம் நிரம்பிவிட, எஞ்சிய ஒன்று மூன்றாவது கூட்டில் தனியே இருக்கிறது. சுடரின் வெப்பத்தில் அது ஆற்றல் பெற்று மேல்படிக்குத் தாவுகிறது. அங்கே நிலைக்க இயலாமல் நொடிப்பொழுதில் இறங்குகிறது. பெற்ற ஆற்றலை ஒளியாக வெளியிடுகிறது. அதன் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். அதுவே நாம் காணும் மஞ்சள்.

சுற்றும் மின்துகள் ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும் என்றது பழைய இயற்பியல். அப்படியானால் எலக்ட்ரான் உட்கருவில் விழுந்திருக்குமே! அணுவும் இல்லை, நாமும் இல்லை. எலக்ட்ரான் குறிப்பிட்ட ஆற்றல் படிகளில் மட்டுமே இருக்கும், கடைசிப் படிக்குக் கீழே இறங்காது என்று 1913-இல் டென்மார்க் அறிஞர் நீல்ஸ் போர் கூறினார். ஒரே நிலையில் இரு எலக்ட்ரான்கள் இருக்க இயலாது என்று 1925-இல் பவுலி காட்டினார். ஆகவேதான் நிரம்பிய கூட்டிற்குள் மற்றொன்று நுழைவதில்லை.

நாம் நோட்டில் வரையும் வட்டங்கள் வசதிக்காகவே. 1926-இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாட்டின்படி, எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்பதை மட்டுமே சொல்லலாம். அது பாதை அன்று, மேகம் போன்றது.

இனிச் சாம்பார் பொங்கினால், அடுப்பைத் தணிக்குமுன் ஒரு கணம் சுடரைப் பாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி