அடமா, அவதியா?

மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டி எறிந்தால்தான் பள்ளிக்குக் கிளம்புகிறாள். தயிர்சாதம் நாக்கில் பட்டாலே குமட்டுகிறது. அப்பளமும் முறுக்கும் மட்டும் எத்தனை கொடுத்தாலும் உள்ளே போகிறது. இன்னொரு வீட்டில், பிள்ளை சோபாவிலிருந்து குதித்துக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராது. இத்தனை விதமான பிள்ளைகளுக்கும் வந்துபோகிற உறவினர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. ரெண்டு போடு போட்டா தானா வழிக்கு வரும்.”

போட்டால் அழுகை அடங்கலாம். காது கூசுவது அடங்காது.

ஒலி, ஒளி, தொடுகை, வாசனை, சுவை என்று ஒவ்வொரு நொடியும் மூளைக்குச் செய்திகள் வந்து குவிகின்றன. பலரும் கணக்கில் எடுக்காத இரண்டு உணர்வுகள் இவற்றோடு உண்டு. தலை எப்படிச் சாய்ந்திருக்கிறது, உடல் எந்த வேகத்தில் நகர்கிறது என்று உட்செவி சொல்வது ஒன்று. கைகால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்று தசையும் மூட்டும் சொல்வது இன்னொன்று. இருட்டிலும் சோற்றுக் கவளம் மூக்குக்குப் போகாமல் வாய்க்குப் போவது இதன் தயவில்தான். வரும் செய்திகளில் எதைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்று மூளை ஓயாமல் பிரித்துக்கொண்டிருக்கிறது. சில குழந்தைகளுக்கு இந்த வேலை தடுமாறுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது மிகப் பரவலாக உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடமும், வேறு எந்தக் குறைபாடும் இல்லாதவர்களிடமும்கூடக் காணலாம்.

நான்கு வகைப் பிள்ளைகள்

அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) வின்னி டன் 1997இல் இதை நான்காகப் பகுத்தார். சிலருக்குச் சின்னத் தூண்டலே பெரிதாகத் தெரியும். அவர்களில் ஒரு சாரார் தவித்து அழுவார்கள். இன்னொரு சாரார் அந்த இடத்தைவிட்டே ஓடுவார்கள். வேறு சிலருக்கு எவ்வளவு தூண்டினாலும் போதாது. அவர்களில் சிலர் குதித்தும் சுற்றியும் மோதியும் தேடித் தேடி வாங்கிக்கொள்வார்கள். சிலர் கூப்பிட்டாலும் திரும்பாமல், மூக்கு ஒழுகினாலும் தெரியாமல் இருப்பார்கள். ஒரே பிள்ளை சத்தத்துக்குக் கூசலாம், ஊஞ்சலுக்கு ஏங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். மண்ணையும் சாக்பீஸையும் தின்னும் குழந்தைக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை தேவை. எல்லாவற்றையும் ‘சென்சரி பிராப்ளம்’ என்று எழுதிவிடக் கூடாது.

ஊஞ்சல் என்ன செய்கிறது?

இத்தகைய பிள்ளைகளுக்குப் புலன் செய்திகளை ஒருங்கிணைக்க விளையாட்டு வழியே பழக்கும் ‘சென்சரி இன்டக்ரேஷன்’ சிகிச்சை உண்டு. அதற்கு வித்திட்டவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் அயர்ஸ் (1920-1988). ஆக்குபேஷனல் தெரபியும் கல்வி உளவியலும் படித்தவர். எழுதப் படிக்கத் திணறும் குழந்தைகளில் சிலருக்குச் சிக்கல், புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒருங்கிணைப்பதில் இருக்கிறது என்பது அவர் வாதம். 1972இல் வெளிவந்த அவருடைய நூல்தான் இத்துறையின் அடித்தளம்.

இன்று சென்னையிலோ மதுரையிலோ ஒரு தெரபி மையத்துக்குள் நுழைந்தால் கூரையிலிருந்து தொங்கும் பலகை ஊஞ்சல், தரையில் தடித்த மெத்தை, பந்துகள் நிறைந்த தொட்டி என்று விளையாட்டுக் கூடம் போலத்தான் இருக்கும். ஊஞ்சலில் குழந்தை குப்புறப் படுத்திருக்கிறது. எதிரே நீட்டிய கயிற்றை இரு கையாலும் இழுத்துத் தன்னை ஆட்டிக்கொண்டே, தரையில் கிடக்கும் சின்ன மணல் பைகளை எடுத்து வாளிக்குள் வீச வேண்டும். ஆட்டம் உட்செவிக்கு வேலை கொடுக்கிறது. கயிற்றை இழுப்பது தோளுக்கும் கைக்கும். தலையைத் தூக்கி வாளியைப் பார்ப்பது கழுத்துக்கும் கண்ணுக்கும். நான்கு பை சரியாக விழுந்தால் தெரபிஸ்ட் வாளியைக் காலால் கொஞ்சம் தள்ளிவைக்கிறார். பிள்ளை முகம் வெளிறினால் ஊஞ்சலை நிறுத்திவிடுகிறார். எட்டாத உயரமும் இல்லாமல், சலிக்கிற அளவு சுலபமும் இல்லாமல் சவாலை நொடிக்கு நொடி மாற்றுவதில்தான் தெரபிஸ்ட்டின் கைத்திறன் இருக்கிறது. பிள்ளையை ஊஞ்சலில் போட்டுவிட்டு ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குப் பூங்காவே போதும். அங்கே காசு வாங்க மாட்டார்கள்.

பலன் உண்டா?

ஆராய்ச்சியின் பதில் கலவையானது. 2014இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்கள் தங்களுக்கென்று வகுத்த அன்றாட இலக்குகளை மற்றவர்களைவிட நன்றாக எட்டினார்கள். 2022இல் பிரிட்டனில் 138 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்விலோ, எரிச்சலும் மூர்க்கமும் குறைவதில் வழக்கமான கவனிப்பைவிட இச்சிகிச்சை மேலானதாகத் தெரியவில்லை. எடை கூட்டிய போர்வை தூக்கத்தைக் கூட்டவில்லை என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது. பிள்ளைகளுக்கு அந்தப் போர்வை பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். (கைக்குழந்தைகளுக்கு இத்தகைய போர்வையைப் போர்த்துவது ஆபத்து.)

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012லேயே இரண்டு சொன்னது. புலன் சிக்கலைத் தனி நோயாகப் பெயரிட வேண்டாம் என்பது ஒன்று. இந்தத் தெரபியை ஒட்டுமொத்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாகச் செய்து பார்க்கலாம், ஆனால் சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது இன்னொன்று. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 பதிப்பில், புலன் சார்ந்த மிகையான அல்லது குறைவான எதிர்வினையை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்ததே தவிர, தனிக் குறைபாடாகப் பட்டியலிடவில்லை.

ஆகவே, “பிரெய்ன் ரீசெட் ஆகிவிடும், ஆட்டிசம் போய்விடும்” என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போகவே வேண்டாம். சேரும் முன் கேட்க வேண்டியவை: தெரபிஸ்ட் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா? பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? இலக்கு என்ன, எப்போது மதிப்பிடுவோம்? ‘கவனம் கூடும்’ என்பது இலக்கு ஆகாது. ‘மூன்று மாதத்தில் அழாமல் பல் துலக்குவான்’ என்பது இலக்கு. அது நடந்ததா இல்லையா என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சலூன் நாற்காலி

இலக்கை அப்படி வைத்தால் வேலையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கும். முடிவெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்குப் பொறுக்காதது எது? மெஷினின் உறுமலா, மண்டை ஓட்டில் ஏறும் அதிர்வா, கழுத்தில் குத்தும் துண்டு முடியா, திடீரென்று பீய்ச்சும் தண்ணீரா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. உறுமல் என்றால் கத்தரி போதும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடலாம். முடி குத்துகிறது என்றால் பழைய பருத்தித் துணியைக் கழுத்தில் இறுக்கமாகச் சுற்றலாம். உட்காரும் முன் தலையை உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிடுவது பல பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும். மெல்லத் தடவுவதுதான் கூசும். கூட்டமில்லாத நேரத்தில் போவது, “பத்து எண்ணும் வரை, அப்புறம் நிறுத்திடுவாங்க” என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது இரண்டும் எந்தக் கருவியைவிடவும் உதவும்.

துறுதுறுவென்று குதிக்கும் பிள்ளைக்குத் தசை வேலை வேண்டும். சப்பாத்தி மாவு பிசையட்டும், வாளித் தண்ணீரைத் தூக்கிச் செடிக்கு ஊற்றட்டும், அரிசிப் பையை இழுத்துவரட்டும். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் இப்படி வேலை கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் தெரபிஸ்ட்டுகள்.

எங்கே போவது?

தனியார் மையங்களில் செஷனுக்கு இவ்வளவு என்று கட்டணம்; வாரம் இரண்டு மூன்று என்றால் மாதச் சம்பளத்தைப் பதம் பார்த்துவிடும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டங்களில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம் சான்றிதழ் உள்ளவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் ‘நிராமயா’ காப்பீட்டில் தெரபிச் செலவும் அடங்கும். புலன் சிக்கல் மட்டும் உள்ள பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 மாற்றுத்திறன்களில் அது இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் அந்தப் பிள்ளைக்குக் கெட்டிமேளம் பிடிக்காமல் போகலாம். பிடித்தே ஆக வேண்டும் என்று எந்த முகூர்த்தமும் நிற்கவில்லை. காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பந்தியில் உட்காரட்டும். அலறிப் புரண்ட பிள்ளை, “சத்தமா இருக்கும்மா, வெளிய போலாம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டால் தெரபி வென்றுவிட்டது. சொன்னதும் எழுந்து வெளியே கூட்டிப்போவது பெரியவர்கள் கற்க வேண்டிய பாடம். அதற்குத் தெரபிஸ்ட்டும் தேவையில்லை, கட்டணமும் இல்லை.